தலையில் எண்ணெய் வடிகிறதா? கிணற்றையும் கொஞ்சம் பாருங்கள்



இம்மாதம் மருதனார்மடத்திலிருந்து ஒரு தாய் அனுப்பிய கடிதத்துக்கே இந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்குகிறேன். அவர் கேட்டிருப்பது அவர் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. கிணற்று நீரில் தலை முழுகும் எத்தனையோ வீடுகளின் பிரச்சினை அது.

அவருடைய மகளுக்கு 16 வயது. காலையில் தோய்ந்தால் மாலையில் தலை பிசுபிசுக்கிறதாம். முடி கயிறு கயிறாக ஒட்டிக்கொள்கிறது. சீப்பில் வெள்ளை மா போல ஏதோ படிகிறது. எண்ணெய் போகட்டும் என்று பிள்ளை தினமும் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறாள். தேய்க்கத் தேய்க்கப் பிசுபிசுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதாக இல்லை. "அடிக்கடி தோய்வதால்தான் எண்ணெய் ஊறுகிறது, நிறுத்து" என்கிறார் சாச்சி. "சூடு பிடித்திருக்கிறது, நிறைய எண்ணெய் தப்பு" என்கிறார் மாமி. "முக்காட்டுக்குள் காற்றுப் படாமல் வந்த வினை" என்கிறார் அயல்வீட்டுக்காரி. மூன்றாவது பேச்சுத்தான் தாயை வருத்தியிருக்கிறது. மகளும் அதை நம்பத் தொடங்கிவிட்டாள். தலையை மூடவும் மனமில்லை, திறந்தால் தோழிகள் முகம் சுளிப்பார்களோ என்ற அச்சத்தில் வகுப்புக்குப் போகவும் மனமில்லை என்கிறாளாம்.

சகோதரியே, மூவரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் மூவரும் பார்க்கத் தவறிய ஒன்று உங்கள் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது. அதுதான் உங்கள் கிணறு. அதற்கு வருமுன், தலையில் ஊறும் எண்ணெயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு மயிர்க்காலின் அருகிலும் நெய்ச்சுரப்பி என்ற சின்னஞ்சிறு சுரப்பி உண்டு. அதில் சுரக்கும் சரும நெய் தலைத்தோலை வறண்டு வெடிக்காமல் காக்கிறது. முடிக்கு மினுமினுப்பையும் தருகிறது. இந்தச் சுரப்பிக்குக் கட்டளையிடுவது உடலிலுள்ள ஹோர்மோன்கள். அதனால்தான் சிறு பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வடிவதில்லை. பருவமடையும் வயதில் சுரப்பு கூடி, மாதவிடாய் நிற்கும் வயதுக்குப் பின் குறைகிறது. 16 வயதுப் பிள்ளையின் தலையில் எண்ணெய் ஊறுவது நோயன்று, அந்த வயதின் இயல்பு. முடி மெல்லியதாகவும் நேராகவும் இருந்தால் அந்த நெய் வேரிலிருந்து கீழே விரைவாக வழிந்துவிடும். சுருண்ட முடியில் அத்தனை வேகமாக இறங்காது. ஒரே வீட்டில் அக்காவுக்கும் தங்கைக்கும் இதில் வேறுபாடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"தோயத் தோய எண்ணெய் கூடும்" என்ற பேச்சு உண்மையல்ல. உங்கள் தலை கழுவப்பட்டதா, இல்லையா என்று நெய்ச்சுரப்பிக்குத் தெரியாது. அது ஹோர்மோனின் சொல்லைத்தான் கேட்கும். ஆகவே எண்ணெய் ஊறும் தலையை ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, தேவையானால் தினமுமோ கழுவுவதில் தவறில்லை. எதைக் கொண்டு கழுவுகிறோம், எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதுதான் கேள்வி.

கல்லுக்குள் இருந்து வரும் தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி நிற்கிறது. அதைத்தான் நாம் கிணற்றிலிருந்து அள்ளுகிறோம். புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணறு இந்தச் சுண்ணாம்புக்கல் பொந்துகளில் ஒன்றுதான். 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரை அரைத்தெடுத்ததும் இதே கல்லைத்தான். மருதனார்மடமும் சுன்னாகமும் இணுவிலும் அமைந்திருக்கும் வலிகாமம் முழுவதும் செம்மண்ணுக்குக் கீழே இந்தக் கல்தான் கிடக்கிறது.

கல்லோடு கூடியிருந்த தண்ணீரில் கல்சியம் கரைந்திருக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிள்ளைகள் இதை "வன்னீர்" என்று படிக்கிறார்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் கல் அதன் அடையாளம். வன்னீர் குடிப்பதற்குக் கெடுதியல்ல. ஆனால் சவர்க்காரத்துக்கு அது எதிரி. சவர்க்காரம் வன்னீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்ததும், நுரைக்குப் பதிலாக நீரில் கரையாத ஒரு வெண்ணிறப் பிசினாகிவிடும். குளிக்கும் வாளியின் விளிம்பில் வழுவழுப்பாக ஒட்டியிருப்பதை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அதே பிசின்தான் உங்கள் மகளின் முடியிலும் ஒட்டுகிறது. தொட்டால் எண்ணெய் போலவே இருக்கும். "இன்னும் எண்ணெய் போகவில்லை" என்று அவள் மேலும் சவர்க்காரம் போடுகிறாள், மேலும் பிசின் படிகிறது. காய்ந்தபின் சீப்பில் வரும் வெள்ளை மாவிலும் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவான 2 போத்தல்களை எடுத்து, ஒன்றில் பாதியளவு கிணற்று நீரும் மற்றதில் பாதியளவு மழைநீரும் ஊற்றுங்கள். மழைநீர் இல்லாவிட்டால் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீர் போதும். இரண்டிலும் சம அளவு சவர்க்காரத் துருவலைப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மழைநீர் நுரைத்து நிற்கும். கிணற்று நீர் பால் போலக் கலங்கி, மேலே ஆடை கட்டினால் உங்கள் நீர் வன்னீர். மகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். குற்றம் தன் தலையிலும் இல்லை, முக்காட்டிலும் இல்லை என்பதை அவள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

உம்மம்மாவின் அரப்பு

நம் மூத்த பெண்கள் இதை வேறு விதமாக அறிந்து வைத்திருந்தார்கள். தலைக்குச் சவர்க்காரம் போடாமல், சீயக்காய், பயறு, வெந்தயம் அவித்து, தேசிக்காயும் சேர்த்து அரப்பு வைத்துத் தோய்ந்தார்கள். சீயக்காயில் நுரைக்கும் தன்மையுள்ள சபோனின் என்ற பொருள் இருக்கிறது. அது வன்னீரோடு சேர்ந்து பிசினாவதில்லை. 1990 களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது சவர்க்காரம் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது அங்கிருந்த மக்கள் பனம்பழக் களியைப் பிழிந்து துணி துவைத்தார்கள். பனங்களியின் கசப்புக்குக் காரணமான பொருளும் சபோனின் இனத்தைச் சேர்ந்ததே.

1990 ஒக்டோபரில் நம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது வீடும் பள்ளிவாசலும் மட்டும் கைவிட்டுப் போகவில்லை. எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது சவர், எந்தத் தண்ணீருக்கு எதைப் போட்டுத் தோய வேண்டும் என்று உம்மம்மாவிடமிருந்து உம்மாவுக்கும், உம்மாவிடமிருந்து மகளுக்கும் கைமாற வேண்டிய சிறு சிறு அறிவும் எத்தனையோ குடும்பங்களில் அறுந்தது. மீண்டு வந்து குடியேறியிருக்கும் இளம் தாய்மாருக்கு இதைச் சொல்ல வீட்டில் மூத்தவர்கள் இல்லாமற் போயிருக்கலாம். அதனால்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன். புத்தளத்தில் தங்கிவிட்ட சகோதரிகளும் போத்தல் சோதனையைச் செய்து பாருங்கள். அங்கும் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படுகிறது அல்லவா?

தோயும் முறை

முதலாவது, தலைக்குச் சவர்க்காரம் போடுவதை இன்றே நிறுத்துங்கள். துணிச் சவர்க்காரத்தையும் அப்பச்சோடாவையும் தலைக்குக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அவற்றின் காரத்தன்மை தலைத்தோலை எரிச்சலடையச் செய்து முடியையும் சொரசொரப்பாக்கும். ஷாம்பூவிலுள்ள அழுக்ககற்றும் பொருள் சவர்க்காரத்தைப் போல வன்னீரில் பிசினாவதில்லை. விலை கூடியது வேண்டும் என்றில்லை. எண்ணெய்த் தலைக்கானது என்று எழுதியுள்ள சாதாரண ஷாம்பூ போதும்.

அரப்புத்தான் விருப்பம் என்றால் நன்றாக அவித்து, துணியில் வடித்து, அந்தச் சாற்றை மட்டும் பாவியுங்கள். வடிக்காத தூள் தலைத்தோலில் தங்கி, பொடுகு போலவே உதிரும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முடிக்குச் சிக்கெடுத்த பின் தலையை முழுமையாக நனையுங்கள். ஷாம்பூவை நேரே உச்சியில் கொட்டாமல், ஒரு கிண்ணத்தில் சிறிது நீருடன் கலக்கி, வகிடு வகிடாகப் பிரித்துத் தலைத்தோலில் விடுங்கள். கழுவ வேண்டியது தலைத்தோலைத்தான். நுனி முடிக்கு, வழிந்து போகும் நுரையே போதும். நகம் படாமல் விரல் நுனியால் 2 நிமிடம் மெதுவாகப் பிசையுங்கள்.

ஷாம்பூ என்ற சொல்லின் ஆதிப் பொருளே பிசைந்து பிடித்துவிடுதல் என்பதுதான். இந்துஸ்தானிச் சொல்லான அதை இங்கிலாந்தில் புகழ்பெறச் செய்தவர் 1759 இல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகம்மது. 1814 இல் பிரைட்டன் நகரில் குடியேறி, மூலிகை நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் நடத்தி, இரண்டு ஆங்கில அரசர்களுக்கே பணி செய்தார். போத்தலில் அடைத்த திரவத்துக்கு அந்தப் பெயர் வந்தது பிற்காலத்தில்தான். வேலையில் பாதி விரலுடையது என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, அலசுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஷாம்பூ போட்ட நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் அலசுங்கள். பிடரியும் காதின் பின்புறமும் பெரும்பாலும் மறந்துபோகும் இடங்கள். குளிப்பு கடமையாகும்போது மயிர்க்கால்கள் வரை நீர் சேர வேண்டும் என்பதில் நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! அதே கவனம் சாதாரண நாள் தோய்ச்சலிலும் இருக்கட்டும்.

நான்காவது, கடைசி அலசலை மட்டும் மென்னீரில் செய்யுங்கள். இதுதான் நான் சொல்ல வந்தவற்றில் முக்கியமானது. முழுக் குளிப்புக்கும் மென்னீருக்கு எங்கே போவது? 2 செம்பு போதும். மாரி காலத்தில், முதல் மழை கூரையைக் கழுவிச் சென்றபின் விழும் நீரைப் பிடித்து வையுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடாதபடி இறுக்கமான மூடி போடுவது கட்டாயம். கோடையில் கிணற்று நீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரை மட்டும் கலக்காமல் ஊற்றி எடுங்கள்.

பல நாட்களாகப் பிசின் படிந்த முடியானால், வாரம் ஒரு முறை, ஒரு லீற்றர் நீரில் அரைத் தேசிக்காயின் சாற்றை வடித்துக் கலந்து முடியில் ஊற்றி, ஒரு நிமிடத்துக்குப் பின் மென்னீரால் அலசுங்கள். புளிப்பு அந்தச் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும். தேசிக்காயை வெட்டி நேரடியாகத் தலையில் தேய்ப்பது கூடாது. சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் உண்டாகலாம். தலையில் புண் இருந்தால் தேசிக்காயைத் தவிர்த்துவிடுங்கள்.

எண்ணெய் வைக்கலாமா?

மாமி சொன்னதிலும் பாதி சரி. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது முடியின் புரதம் வீணாவதைக் குறைக்கிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு இந்திய ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பலன் தேங்காய் எண்ணெய்க்கே இருந்தது. ஆனால் அந்த நன்மை முடிக்குத்தான். ஏற்கெனவே எண்ணெய் ஊறும் தலைத்தோலுக்கு மேலும் எண்ணெய் தேவையில்லை.

பொடுகு இருந்தால் இதில் இன்னும் கவனம் வேண்டும். எல்லோர் தலையிலும் மலாசீசியா என்ற நுண்ணிய பூஞ்சணம் வாழ்கிறது. நம் சரும நெய்தான் அதன் உணவு. அந்த நெய்யை உடைத்து அது விட்டுவைக்கும் அமிலம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல், தோல் செதில் செதிலாக உதிர்கிறது. அதுவே பொடுகு. எண்ணெய் தப்பியதும் பொடுகு மறைந்தது போலத் தோன்றும். செதில்கள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டதால் வந்த தோற்றம் அது.

ஆகவே தோய்வதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன், காதுக்குக் கீழே உள்ள முடியில் மட்டும் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, பின் தோயுங்கள். தோய்ந்த பிறகு எண்ணெய் தேவையில்லை. இரவெல்லாம் எண்ணெயோடு படுத்தால் தலையணை உறை வழியாக அது நெற்றிக்கும் வந்து பருவைக் கிளப்பும். உறையை வாரம் ஒரு முறையாவது மாற்றுங்கள். சீப்பையும் கழுவுங்கள், அழுக்குச் சீப்பு கழுவிய தலைக்கு நேற்றைய எண்ணெயையே திருப்பிக் கொடுக்கும்.

முக்காட்டின் மீது பழி வேண்டாம்

நெய் சுரப்பதும் பொடுகு வருவதும் முக்காட்டினால் அல்ல. தலையைத் திறந்து திரியும் ஆண்களுக்குப் பொடுகு இல்லையா? ஆனால் முக்காட்டை அணியும் முறையில் சில பிழைகள் நேர்வதுண்டு. ஈரம் காயாத முடியை முடிந்து அதன்மேல் துணி போடுவது முதற் பிழை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அரிப்பும் வாடையும் வரும். காலை வகுப்புக்குப் போகும் பிள்ளை முதல் நாள் மாலையில் தோய்ந்து, துவாயால் ஒற்றி, காற்றில் காயவிட்டுப் படுக்கட்டும். உள்ளே அணியும் தொப்பி மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். 3 அல்லது 4 தொப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் துவைத்ததை அணியச் செய்யுங்கள். செம்மண் தூசியும் வியர்வையும் சேரும் இடம் அது. தொப்பி துவைக்கும்போதும் நன்றாக அலச வேண்டும்.

நெற்றியோரம் இழுபடும்படி இறுக்கிக் கொண்டை போடும் பழக்கம் இன்னொரு பிழை. வருடக்கணக்கில் இழுபட்ட முடி அந்த ஓரத்தில் உதிரத் தொடங்கும். தளர்வாகப் பின்னுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

கிணற்றில் படலம் தெரிந்தால்

வலிகாமத்துச் சகோதரிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுன்னாகம் மின் நிலையப் பகுதியிலிருந்து கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது பற்றிய வழக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. எனவே கிணற்று நீரின் மேல் வானவில் நிறப் படலம் தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். வாளியில் அள்ளி, படலத்தைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புச் சத்தால் உண்டான படலம். உடனே மீண்டும் ஒன்றுகூடினாலோ, டீசல் வாடை வந்தாலோ, குடிப்பதற்கும் குளிப்பதற்கும் அந்த நீரை நிறுத்திவிட்டு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கொதிக்கவைப்பதால் இந்த எண்ணெய் போகாது.

வைத்தியரிடம் எப்போது?

மேலே சொன்னவற்றை ஒரு மாதம் விடாமல் செய்து பாருங்கள். பொடுகு மட்டும் மிஞ்சினால், கீட்டோகொனசோல் 2 சதவீதம் கலந்த ஷாம்பூவை மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். வாரம் 2 முறை, தலைத்தோலில் 5 நிமிடம் ஊறவிட்டு அலசினால், பெரும்பாலோருக்கு 4 வாரத்துக்குள் குறைந்துவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்டே பாவிக்க வேண்டும்.

தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. பிள்ளை பெற்று 3 மாதமளவில் கொத்தாக உதிர்ந்தாலும் பெரும்பாலும் தானே மீண்டும் வளரும். ஆனால் வட்ட வட்டமாக முடி உதிர்தல், சீழ், தடித்த செதில், காதின் பின்புறமும் புருவத்திலும் செந்நிறத் தடிப்பு ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்காதீர்கள். பெண்பிள்ளைக்குத் திடீரென எண்ணெய் கூடுவதோடு மாதவிடாய் தவறுதல், முகத்தில் முடி வளர்தல், பரு மிகுதல் ஆகியனவும் சேர்ந்து வந்தால், அது தலைக்கு மட்டும் மருந்து போட்டுத் தீரும் விடயமல்ல. ஹோர்மோன் சோதனை தேவைப்படும். வெட்கப்பட்டு மறைக்காமல் பெண் வைத்தியரிடமாவது கூட்டிச் செல்லுங்கள். யாழ். போதனா வைத்தியசாலையில் தோல் சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது.

கடைசியாகத் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. 16 வயதுப் பிள்ளையிடம் "உன் தலை நாறுகிறது" என்று நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். மருதனார்மடம் சந்தையில் தேசிக்காயும் வெந்தயமும் வாங்கும்போது, வீட்டில் மூடியுள்ள ஒரு பெரிய வாளியையும் பிள்ளைக்கென ஒதுக்கிவிடுங்கள். முதல் வாரம் கடைசி 2 செம்பு நீரை நீங்களே ஊற்றிவிடுங்கள். பிறகு அவளே பார்த்துக்கொள்வாள். பலன் எப்படி என்று எழுதுங்கள், மற்றச் சகோதரிகளுக்கும் பயன்படும்.